இருபது டிகிரி

என் மனைவியின் குரல் அடைத்துக்கொண்டது பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரத்தில். ஜூன் மழையில் மட்டாஞ்சேரியில் தொண்டை கட்டாதவர்கள் குறைவு என்பதால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கணக்கு டீச்சர். தகரக் கூரையில் மழை கொட்டும்போது அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் பின்னங்களைக் கூட்டச் சொல்லிக்கொடுத்தால் தொண்டை என்ன ஆகும்? சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். நாங்கள் குடியிருந்த மாடிக்குக் கீழேயே சுக்கு மொத்த வியாபாரம். குடித்தாள். ஓண லீவு வந்து போனது. குரல் மட்டும் திரும்பவில்லை. பாதி காற்றும் பாதி ஒலியுமாக, பக்கத்து அறையில் யாரோ ரகசியம் பேசுவது போன்ற குரல். அதற்கு நான் பழகியும் விட்டேன்.

தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். இடது பக்கத்துக் குரல் நாண் அசையவில்லை என்றார். தொண்டையில் கோளாறு இல்லை, அந்த நாணுக்குப் போகும் நரம்பை நெஞ்சுக்குள் ஏதோ அழுத்துகிறது, ஸ்கேன் எடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் முடிவை வாங்க அவள் தனியாகத்தான் போனாள். அவள் போன் செய்தபோது நான் தோப்பும்படி துறைமுகத்தில் ஒரு மீன்பிடிப் படகின் என்ஜின் அறைக்குள் குப்புறப் படுத்திருந்தேன். என் தொழில் அது. சூட்டை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சாமான்களைக் கழற்றி, கழுவி, ஓட்டை அடைத்து, திரும்ப மாட்டுவது. புத்தகங்களில் வெப்பப் பரிமாற்றி என்று போட்டிருக்கும். துறைமுகத்தில் கூலர் என்பார்கள். களமசேரி ஃபாக்டரிகளில் எக்ஸ்சேஞ்சர் என்பார்கள். அவள் எல்லாவற்றையும் ‘மச்சானோட சாமான்’ என்று ஒரே பேரில் முடித்துவிடுவாள்.

“பதறாம கேளுங்க,” என்றாள். “நெஞ்சுக்குள்ள ஒரு குழாய் வீங்கியிருக்காம். இதயத்துல இருந்து புறப்படுற பெரிய குழாய். வளையுற எடத்துல.” அந்த அடைத்த குரலில் ஒரு சின்னச் சிரிப்பும் இருந்தது. “குழாய் உங்க ஏரியா அல்லே?”

கையில் ஸ்பேனர் இருந்தது. அதைக் கீழே வைக்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று படகுக்காரர்கள் பிறகு சொன்னார்கள்.

*

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கலியாணம் ஆகிப் பதினெட்டு வருஷம். அவள் பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ் மீடியத்தில் படித்தவள். நான் மட்டாஞ்சேரியில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி, மலையாளத்தில் மட்டும் எழுதப் படித்தவன். கடைக்கு வாங்க வேண்டிய சாமான்களை அவள் தமிழில்தான் எழுதித் தருவாள். “படிக்கத் தெரியலன்னா கடையில நின்னு முழிங்க” என்பாள். முதல் வருஷம் சீரகத்துக்குப் பதில் சோம்பு வாங்கி வந்தேன். இரண்டாம் வருஷம் எழுத்து பிடிபட்டது. நான் இன்று இதைத் தமிழில் எழுதுவது அந்தச் சீட்டுகளால்தான்.

எறணாகுளத்தில் ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்தார். இதயம், அதற்கு மேலே கைத்தடியின் பிடி மாதிரி வளையும் குழாய், வளைவில் ஒரு புடைப்பு. அந்த வளைவை வெட்டி எடுத்துவிட்டுத் துணியால் நெய்த குழாயைத் தைக்க வேண்டும். தைக்கும்போது அதற்குள் ரத்தம் ஓடக் கூடாது. ரத்தம் நின்றால் மூளை சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. ஆனால் குளிர்ந்த உடம்பு தாங்கும். “அதனால் முதலில் உடம்பைக் குளிர வைப்போம். இருபது டிகிரி வரை,” என்றார் மலையாளத்தில். மூளைக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் குழாய் வழியாகக் கொஞ்சம் ரத்தம் விட்டுக்கொண்டிருப்பார்களாம். தைத்து முடித்ததும் மெல்ல மெல்லச் சூடேற்றித் திரும்பக் கொண்டுவருவார்களாம்.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டரிடம், “சாதாரணமா முப்பத்தியேழு. அதுல பதினேழு குறைக்கணும்,” என்றாள். டாக்டர் தலையாட்டினார்.

பஸ்ஸில் பாலம் தாண்டும்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

“ஐஸ்ல படுக்க வெப்பாங்களோ?”

“இல்ல. ரத்தத்த வெளிய எடுத்து ஒரு எக்ஸ்சேஞ்சர் வழியா விடுவாங்க. அது குளுந்து திரும்ப உள்ள போகும். உள்ள போற ரத்தந்தான் உடம்ப குளுப்பாட்டும்.”

“உங்க சாமானா?”

“அந்த மாதிரி ஒண்ணு.”

குரலில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். பஸ் நின்று ஆட்கள் ஏறி இறங்கினார்கள். “பதினெட்டு வருஷமா சொல்றீங்க, ஒரு நாளும் நான் கண்ணால பாத்ததில்ல. காட்டுங்க மச்சான். எதுக்குள்ள போறேன்னு எனக்குத் தெரியணும்.”

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். படகில் வேறு யாரும் இல்லை. சுரிதாரின் முனையை இழுத்துச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் பின்பக்கமாக இறங்கினாள். என்ஜின் அறையின் டீசல் நாற்றத்துக்கு மூக்கைச் சுளிக்கவில்லை. வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன், அவள் ஏணியில் இறங்கத் திரும்பிய நேரத்தில், முதலிலேயே கீழே இறங்கியிருந்த நான் ஒன்று செய்தேன். முந்தின நாள் அந்தக் கூலரிலிருந்து அறுத்து எடுத்த பழைய குழாய் ஒன்று தளத்தில் கிடந்தது. விரல் தடிமன், ஒரு முழ நீளம். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை, சுற்றிலும் பச்சை பூத்திருந்தது. அதைக் காலால் ஓரம் தள்ளி, எண்ணெய்த் துணியை எடுத்து மேலே போட்டேன்.

பிறகு கூலரின் மூடியைக் கழற்றி அவளுக்குக் காட்டினேன். உருளை வடிவில் ஒரு பெரிய கூடு. அதற்குள்ளே வரிசை வரிசையாக மெல்லிய குழாய்கள், தேன்கூட்டை நேரே பார்ப்பது போல. குழாய்களுக்குள் கடல் தண்ணீர் ஓடும். குழாய்களுக்கு வெளியே, கூட்டுக்குள், என்ஜினைச் சுற்றிவந்த கொதிக்கிற நல்ல தண்ணீர் ஓடும். நடுவில் இருப்பது குழாயின் சுவர் மட்டும், ஒரு மில்லிமீட்டர். உப்புத் தண்ணீர் என்ஜினைத் தொட்டால் என்ஜின் துருப்பிடித்துச் செத்துப்போகும். ஆகவே இரண்டும் கலக்காமல் சூடு மட்டும் சுவரைத் தாண்டிப் போக வேண்டும்.

அவள் குனிந்து ஒரு குழாயின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். “எதுக்கு இத்தன குழாய்? ஒரு பெரிய குழாய் மதியே, போதாதா?”

“தொடுற எடம் எவ்வளவு கூடுதோ அவ்வளவு சூடு போகும். ஒரு பெரிய குழாய்ல நடுவுல ஓடுற தண்ணி சுவரத் தொடாமலே போயிடும்.”

“ஓ. பரப்பளவு,” என்றாள். அந்த ஒரு சொல்லோடு அவளுக்கு விஷயம் முடிந்துவிட்டது.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது படகில் பார்த்தது அல்ல. திருப்பூணித்துறைப் பக்கம் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியில் எனக்கு மாதம் ஒரு தடவை வேலை உண்டு. அங்கே இருப்பது தகட்டு எக்ஸ்சேஞ்சர். குழாயே கிடையாது. மீன் முள் மாதிரி வரி வரியாக அழுத்திய எஃகுத் தகடுகளை, நடுவில் ரப்பர் விளிம்பு வைத்து, சீட்டுக்கட்டு போல நெருக்கி முறுக்கியிருப்பார்கள். ஒரு இடுக்கில் பால், அடுத்த இடுக்கில் தண்ணீர், அதற்கடுத்ததில் பால். கழற்றி அடுக்கி வைத்த தகடுகளின் வரிகளை அவள் விரலால் தடவினாள். அந்த வரிகள் பாலைப் புரட்டிப் புரட்டி விடுவதற்குத்தான் என்றேன். நேராக வழுக்கி ஓடினால் சூடு பிடிக்காது. புரண்டு ஓட வேண்டும்.

அந்த எந்திரத்தில் இன்னொரு வேலையும் நடக்கும். காய்ச்சி முடித்து வெளியே போகிற சூடான பால், காய்ச்ச உள்ளே வருகிற குளிர்ந்த பாலுக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுத்தான் போகும். இதைச் சொன்னதும் அவள் தகட்டிலிருந்து கையை எடுத்தாள். “அப்போ புதுசா கொஞ்சம் சூடு குடுத்தா மதி. மிச்சம் பழைய பால் கொடுக்கும்.” ஆமாம் என்றேன். “நல்ல ஏற்பாடு,” என்றாள், யாரோ ஒருவருடைய குடும்பத்தைப் பற்றிச் சொல்வது போல.

திரும்பி வரும் பஸ்ஸில் பையிலிருந்து ஒரு பிள்ளையின் நோட்டை எடுத்தாள். பின் அட்டையில் பென்சிலால் இரண்டு கோடு போட்டாள். சூடான தண்ணீர் எண்பதில் நுழைகிறது, குளிர்ந்தது இருபதில் நுழைகிறது. இரண்டும் ஒரே பக்கம் நோக்கி ஓடினால், ஒன்று இறங்கி மற்றது ஏறி, நடுவில் ஐம்பதில் இரண்டும் ஒன்றாகிவிடும். அதற்குமேல் என்ன நீளத்துக்குக் குழாய் போட்டும் பிரயோஜனமில்லை. எதிரெதிராக ஓடினால், சூடானது வெளியே போகிற வாசலில் அதற்கு எதிரே இருப்பது அப்போதுதான் உள்ளே வந்த இருபது. ஆகவே அது ஐம்பதையும் தாண்டி, இருபதுக்குப் பக்கம் வரை இறங்கலாம். இருபத்தைந்து வருஷமாக நான் இணைப்புகளை எதிரெதிராகக் கொடுத்துவருகிறேன். அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று படித்திருந்தேன். ஏன் என்று அன்றைக்கு, அந்த அட்டையைப் பார்த்துத்தான் எனக்கு முழுசாக விளங்கியது.

“ஒண்ணு கேக்கட்டா,” என்றாள் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே. “குழாய்ல ஓட்ட விழுந்தா?”

“நம்ம சாமானத்துல விழும். பத்து வருஷம் உப்புத் தண்ணி ஓடினா விழாதா? ஆஸ்பத்திரில உள்ளது புதுசு. அதுல விழாது.”

“உறப்பா? நிச்சயமா விழாதா?”

“உறப்பு.”

எனக்கு அப்போது அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

*

தெரிந்துகொள்ளத்தான் ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் தனியாகப் போனேன். இதயத்தை நிறுத்தியிருக்கும் நேரத்தில் ரத்தத்தை ஓட்டுகிற எந்திரத்துக்கென்று தனி ஆள் உண்டு என்று அங்கேதான் அறிந்தேன். பாலக்காட்டுப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். என் பேச்சைக் கேட்டதும் தமிழிலேயே பேசினார். நான் தொழிலைச் சொன்னதும் உள்ளே போய், பழைய ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார். பயிற்சிக்காக வைத்திருப்பதாம்.

தண்ணீர்க் குடுவை அளவு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூடு. ரத்தத்துக்குப் பிராணவாயு ஏற்றும் பகுதியும் எக்ஸ்சேஞ்சரும் ஒரே கூட்டுக்குள் இருந்தன. உள்ளே முடியைவிடச் சற்றுத் தடிமனான இழைகள், ஆயிரக்கணக்கில். இழைக்குள் தண்ணீர், வெளியே ரத்தம். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாங்கள் மூன்று ஆள் சேர்ந்து தூக்கும் சாமானை அவர்கள் கைக்குள் அடங்கும்படி செய்திருந்தார்கள்.

“லீக் பாப்பீங்களா?” என்றேன்.

“மொதல்ல தண்ணிப் பக்கத்த மட்டும் ஓட்டி, ரத்தப் பக்கத்துல ஈரம் வருதான்னு பாப்போம். வந்தா தூக்கிப் போட்டுட்டு வேற எடுப்போம். ஒரு ஆளுக்கு ஒண்ணு, ஒரு தடவதான்.”

சூடேற்றும்போது எவ்வளவு வேகமாக ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் பத்து டிகிரிக்குமேல் வித்தியாசம் விடமாட்டோம் என்றார். அதற்குமேல் போனால் ரத்தத்தில் கரைந்திருக்கும் வாயு குமிழியாக வந்துவிடும். குளிர வைக்க எடுக்கும் நேரத்தைவிடச் சூடேற்றத்தான் கூடுதல் நேரமாகும்.

“தலைக்கு?”

“தலையச் சுத்தி ஐஸ் பை வைப்போம்.”

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஐஸ் பையை மட்டும் சொல்லவில்லை. ஐஸ் இல்லை என்று பஸ்ஸில் ஏற்கனவே சொல்லிவிட்டிருந்தேன்.

அதற்கு நான்கு நாள் கழித்து, சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: “வேண்டாம் மச்சான். ஆபரேஷன் வேண்டாம். எத்தன நாள் உண்டோ அத்தன நாள் இப்படியே இருந்துக்கறேன்.”

நான் கோபப்பட்டேன். அது என்ன பேச்சு என்றேன். அவள் என் சட்டைகளை மடித்துக்கொண்டே இருந்தாள். மூன்று நாள் நான் விடவில்லை. வேலைக்குப் போகாமல் அவளோடு உட்கார்ந்து, தாளில் படம் போட்டு, இது இப்படி வரும், அது அப்படிப் போகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷத்தில் நான் கண்ட சாமான்களில் இதுதான் நல்ல சாமான் என்றேன். ஒவ்வொரு ஆளுக்கும் புதிது, ஒவ்வொன்றையும் சோதித்துவிட்டுத்தான் போடுகிறார்கள், இதைவிட என்ன வேண்டும் என்றேன். அந்த எந்திரத்தைத் தவிர மற்ற எதைப் பற்றியும் எனக்குத் தெரியாது. தெரிந்ததை வைத்து தெரியாததற்கும் சேர்த்து உறுதி சொன்னேன்.

நாலாம் நாள் காலை, தோசை திருப்பிக்கொண்டே, “ஷரி. பண்ணலாம்,” என்றாள்.

*

ஆபரேஷன் அன்று காலை ஏழு மணிக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்குப் பக்கத்தில் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, “போய் ஏதாச்சும் சாப்பிடுங்க” என்றாள். கலூரிலிருந்து அவளுடைய அக்கா வந்திருந்தார். நாங்கள் இருவரும் காத்திருப்பு அறையில் உட்கார்ந்தோம்.

அந்த எந்திரக்காரப் பெண் முன்பே வரிசையைச் சொல்லியிருந்ததால் கடிகாரத்தைப் பார்த்து மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது குளிரத் தொடங்கியிருப்பாள். இப்போது முப்பது. இப்போது இருபத்தைந்து. பதினொரு மணிவாக்கில் இருபதைத் தொட்டிருப்பாள் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைப் போட்ட நேரத்தில் எனக்கு உடம்பு நடுங்கியது. அக்கா தன் துப்பட்டாவை எடுத்து என் தோளில் போட்டார்.

மாலை நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். முகமூடியை இறக்கிவிட்டுச் சிரித்தார். வளைவை மாற்றியாகிவிட்டது, சூடேற்றியாகிவிட்டது, இதயம் தானாகவே துடிக்க ஆரம்பித்துவிட்டது என்றார். நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா எனக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தார். அந்தச் சாயாவைப் போல் ருசியான ஒன்றை நான் குடித்ததில்லை.

மறுநாள் அவள் கண் திறக்கவில்லை. மருந்து மயக்கம் என்றார்கள். இரண்டாம் நாளும் அதையே சொன்னார்கள், ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் தலையை ஸ்கேன் செய்தார்கள். வீங்கிய குழாயின் உள்சுவரில் ஒட்டியிருந்த படிவு கொஞ்சம் உடைந்து ரத்தத்தோடு மூளைக்குப் போயிருக்கிறது. இரண்டு பக்கமும். இப்படி நடக்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தோமே என்றார் டாக்டர், மெதுவாக. சொல்லித்தான் இருந்தார். அன்றைக்கு நான் எக்ஸ்சேஞ்சரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு நாள் அவள் அப்படியே இருந்தாள். பார்க்க விடும் நேரத்தில் போய்க் காலடியில் நிற்பேன். பாதத்தைப் பிடித்துக்கொள்ள அனுமதித்தார்கள். பாதம் சூடாக இருந்தது. தலைமாட்டுத் திரையில் முப்பத்தியேழு என்று காட்டியது. நான் சொன்ன சாமான் சொன்னபடி வேலை செய்திருந்தது. போகும்போது இருந்த சூட்டுக்கே அவளைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தது. நான் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அரைப் பரீட்சை தொடங்கிவிட்டது, வினாத்தாளை வேறொரு டீச்சர் போட்டிருக்கிறார், ஒரு கணக்கு தப்பாம் என்றெல்லாம் சொல்வேன். தப்பைக் கேட்டால் எழுந்துவிடுவாள் என்று ஒரு கிறுக்கு நினைப்பு.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு மௌத்தானாள். அன்று மாலையே அடக்கம் செய்தோம். பெண்கள் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய பிறகு, முகம் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் நெற்றியில் கை வைத்தேன். எத்தனை டிகிரி என்று என் கை தானாகவே கணக்குப் போட்டது. அந்தக் கையை அப்போது வெட்டிப் போட்டிருப்பேன்.

*

நாற்பது நாள் கழித்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த எந்திரக்காரப் பெண்ணிடம், அன்றைய பதிவைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் டாக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கி, தாள்களை என் முன் விரித்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதிய வெப்பநிலைகள். தண்ணீர் எவ்வளவு, ரத்தம் எவ்வளவு, உடம்பு எவ்வளவு.

நான் ஒரு கோளாறைத் தேடித்தான் போயிருந்தேன். ஒரு வரியில் பத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் போதும். ஒரு இழையில் ஓட்டை இருந்திருந்தால் போதும். வாழ்நாள் முழுவதும் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவனுக்கு, எங்கே தப்பு நடந்தது என்று விரலை வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஏழு, எட்டு, எட்டரை, எட்டு. ஒன்றும் இல்லை. நான் செய்திருந்தாலும் இவ்வளவு சீராகச் செய்திருக்க மாட்டேன்.

“நல்லா செஞ்சிருக்கீங்க,” என்றேன். அவர் அழுதுவிட்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னால டீச்சர் என்னக் கூப்பிட்டாங்க. தண்ணியும் ரத்தமும் எதிரெதிராத்தானே ஓடுதுன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அதுவரைக்கும் யாரும் எங்கிட்ட அதக் கேட்டதில்ல.”

அங்கிருந்து நேராகக் கலூருக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். மத்தியானம். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் நின்று, யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள், நான்தான் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தேன் என்றேன். படகில் ஓட்டைக் குழாயைத் துணி போட்டு மறைத்ததையும் சொன்னேன். ஐஸ் பையை மறைத்ததையும் சொன்னேன்.

அக்கா குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தார்.

“அவளுக்குத் தெரியும் தம்பி.”

“என்ன தெரியும்?”

“ஏணியில நிக்கும்போதே பாத்துட்டா. மச்சான் எதையோ துணிக்கு அடியில ஒளிச்சாங்க, நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்னு எங்கிட்ட அன்னைக்கே சொன்னா.”

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“நீங்க படம் போட்டுச் சொன்னதுக்காக அவ சம்மதிக்கல,” என்றார் அக்கா. “டாக்டருக்கு அவளே போன் பண்ணினா. ஆபரேஷன் பண்ணலன்னா என்ன ஆகும்னு கேட்டா. எப்ப வேணாலும் உடையலாம், உடைஞ்சா நிமிஷ நேரந்தான்னாரு. ‘பிள்ளைங்க முன்னால கிளாஸ்ல விழக் கூடாதுக்கா’ன்னா. இல்லன்னா வீட்டுல, மச்சான் வேல முடிஞ்சு வந்து கதவத் திறக்கும்போது நான் தரையில கெடக்கக் கூடாதுன்னா. அதுக்குத்தான் சரின்னு சொன்னா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “மச்சான் பயப்படறாங்க, குரல் நடுங்குது, சாமானப் பத்திப் பேசும்போது மட்டும் நடுங்கல, அதனால அதப் பத்தியே கேட்டுட்டு இருக்கேன்னா.”

படகு, தகடு, நோட்டு அட்டையில் போட்ட கோடுகள், மூன்று நாள் தாளில் நான் போட்ட படங்கள், எல்லாவற்றையும் அவளுடைய பயத்தைப் போக்க நான் செய்ததாக நினைத்திருந்தேன். அவள் அத்தனை நாளும் என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தன் பயத்தை யாரிடம் வைத்தாள்? அக்காவிடம் கேட்டேன். எங்கிட்டயும் அழல தம்பி, என்றார்.

என் மேல் குற்றமில்லை என்று ஆறுதலாகத்தான் அக்கா அதைச் சொன்னார். குற்றம் இருந்தபோது எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது. அக்கா கட்டாயப்படுத்திச் சோறு போட்டார். சாப்பிட்டேன். மீன் குழம்பு அவள் வைப்பது போலவே இருந்தது. இருவருக்கும் அம்மா ஒன்றுதானே.

*

கோடை முடியும் வரை நான் வேலைக்குப் போகவில்லை. பிறகு போனேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் கீழே சுக்கு மூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஐஸ்கிரீம் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். தகடுகளை அடுக்கி வைத்துத் தடவிப் பார்க்க என்னால் முடியவில்லை. படகுகளும் களமசேரியில் ஒரு ஃபாக்டரியும் போதும்.

போன மாதம் ஒரு படகில் கூலரை அடைத்துக் கொடுத்தேன். ஆறு குழாய்களுக்குப் பித்தளை அடைப்பு அடித்தேன். படகை ஓட்டுகிற ஸ்ராங்க் கன்னியாகுமரிப் பக்கத்து ஆள், என்னைவிட மூத்தவர், பத்து நாள் கடலில் கிடக்கப் புறப்படுகிறவர். மூடியைப் பூட்டும்போது மேலிருந்து எட்டிப் பார்த்து, “தம்பி, இது நிக்குமா?” என்றார்.

முன்பெல்லாம் நிக்கும் என்றுதான் சொல்வேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

“தெரியல அண்ணே,” என்றேன். “அடச்சது நிக்கும். மத்த குழாயும் பழசாயிடுச்சு. வருஷம் ஓடினாலும் ஓடும், வழியிலேயே போனாலும் போகும். தண்ணி டாங்க்ல உப்பு ருசி தெரியுதான்னு தெனம் நாக்குல வச்சுப் பாருங்க. தெரிஞ்சா உடனே திரும்பிடுங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். “சரி,” என்று தலையாட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் புறப்படலாம், வேறு குழாய் கிடைக்குமா பார் என்றார்.

குழாய் கிடைத்தது. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். மூன்றாம் நாள் காலையில் படகு துறைமுக வாயான அழிமுகம் தாண்டிப் போவதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடந்து வந்தேன். அரிசி தீர்ந்திருந்தது. வாங்க வேண்டியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன்.